கன்னொறுவையில் நெல் பார்த்த பிள்ளை

மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை, உள்ளே சம்மாந்துறை, இறக்காமம் வரை, பேரப்பிள்ளைகளோடு இருக்கும் மூத்தம்மாமாருக்கும் மூத்தவாப்பாமாருக்கும்,



போன ஓகஸ்ட் விடுமுறையில் மகளின் பிள்ளைகள் இருவரையும் கண்டிப் பக்கம் கூட்டிப் போனோம். பேரனுக்குப் பத்து வயது, பேத்திக்கு ஏழு. சுபஹு தொழுதுவிட்டு வான் ஏறினோம். அம்பாறை தாண்டி, மகியங்கனை தாண்டி, பதினெட்டு வளைவில் ஏறும்போது சின்னவள் இரண்டு தரம் சத்தி எடுத்தாள். பேராதனைப் பூங்காவைப் பார்த்து முடித்து, மகாவலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் கன்னொறுவை விவசாயத் தொழில்நுட்பப் பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தபோது லுஹருக்குப் பிந்திவிட்டது.

அருமையான இடம். விவசாயத் திணைக்களம் நடத்துவது. வீட்டுத்தோட்டம் எப்படிப் போடுவது, காளான் எப்படி வளர்கிறது, தேனீப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதையெல்லாம் பிள்ளைகள் நடந்து நடந்தே பார்த்துவிடலாம். ஹெல போஜுன் கடையில் பெண்கள் கண்ணுக்கு முன்னால் குரக்கன் ரொட்டி சுட்டுத் தருகிறார்கள். பேரன் ஒவ்வொரு பலகையாக வாசித்துக்கொண்டே போனான். ஓரிடத்தில் சின்னப் பாத்தி ஒன்றில் நெல் நின்றது. அதன் முன்னால் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டான்.

“மூத்தம்மா, இதுதானா நெல்லு? புத்தகத்துல இருக்கிற மாதிரியேதான் இருக்கு.”

எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. “ஓம் மகன்” என்று மட்டும் சொன்னேன்.

எங்கள் வீடு கல்முனைக்குடியில். கடற்கரையிலிருந்து மேற்கே இருபது நிமிடம் நடந்தால் வயல் வந்துவிடும். வீட்டுத் தட்டில் ஏறி நின்றால் பச்சை தெரியும். அந்தப் பிள்ளையின் உம்மாவுக்கு நாங்கள் சீதனமாகக் கொடுத்த ஒன்றரை ஏக்கர் சம்மாந்துறைப் பக்கத்து வட்டையில் கிடக்கிறது. அவன் பல் முளைத்த நாளிலிருந்து தின்ற சோறு அந்தக் காணியில் விளைந்தது. அவன் நெல்லை முதன்முதல் கண்டதோ ஏழு மணித்தியாலம் பயணம் போய், மலை நாட்டில், பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில்.

அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சுற்றாடல் பாடத்தில் வகுப்பில் முதல் ஆள். நெல்லின் பருவங்களை வரிசையாக எழுதச் சொன்னால் பிழையில்லாமல் எழுதுவான். முப்பது வருடம் பாடசாலையில் படிப்பித்தவள் நான். எத்தனையோ பிள்ளைகளுக்கு அந்தப் பாடத்தைக் கரும்பலகையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒரு நாளாவது அவர்களை வரம்பில் நடத்திக் கூட்டிப் போயிருக்கலாம். போகவில்லை. கன்னொறுவையில் நின்ற அன்றிலிருந்து பேரனின் பேச்சு என் மனதில் கிடந்து உருள்கிறது. அதனால்தான் இந்த மடல்.

யோசித்துப் பாருங்கள், நம்முடைய பிள்ளைகளுக்கும் வயல் தெரியாது. 1990 ஆனியில் யுத்தம் மறுபடி மூண்டபோது என் மகளுக்கு நாலு வயது. அதற்குப் பிறகு வயலுக்குப் போனவர்கள் மையத்தாகத் திரும்பி வந்த நாட்களை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். ஆண்களே கூட்டமாகப் போய் அந்தி பட முந்தி வீடு வந்து சேர்ந்த காலம் அது. அந்த நேரத்தில் பிள்ளையை வட்டைக்குக் கூட்டிப் போகும் எண்ணம் யாருக்கு வரும்? 2009 வரையில் அப்படியே போனது. அதற்குள் அந்தப் பிள்ளைகள் வளர்ந்து, படித்து, கலியாணம் முடித்து, பலர் கட்டாருக்கும் சவூதிக்கும் போய்விட்டார்கள். நடுவில் ஒரு தலைமுறை முழுவதும் காலில் சேறு படாமல் வளர்ந்துவிட்டது. “உன் பிள்ளைக்கு வயலைக் காட்டு” என்று அவர்களிடம் சொன்னால் அவர்கள் என்னத்தைக் காட்டுவார்கள்? காட்டத் தெரிந்த ஆட்கள் நாம்தான். நமக்கும் அறுபதும் எழுபதும் ஆகிவிட்டது.

நம் ஊரில் வீடும் வயலும் பெண்பிள்ளைக்கு. மருமகன் நம் வீட்டுக்கு வருகிறார், பேரப்பிள்ளை நம் மடியில் வளர்கிறது. என் உம்மாவுக்கு இருந்த காணி எங்கள் மூன்று பேருக்கும் பிரிந்தது. என் பங்கு என் பெண்மக்களுக்குப் பிரிந்தது. துண்டு சிறுத்துக்கொண்டே போனதில், சொந்தமாகச் செய்கை பண்ணக் கட்டாது என்று குத்தகைக்குக் கொடுத்தோம். இப்போது போகத்துக்குப் போகம் குத்தகை நெல் மூட்டையாக வாசலில் இறங்குகிறது. பிள்ளைக்குத் தெரிந்ததெல்லாம் அந்த மூட்டை. அது எங்கிருந்து வந்தது, யார் கட்டினார், எத்தனை நாள் தண்ணீருக்குள் நின்றது என்ற கதை மூட்டையோடு வருவதில்லை.

இதற்கு நடுவில் 2004 மார்கழி 26 வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கடல் கொண்டுபோனது. கரையோரத்தில் வீடிழந்தவர்களை எங்கே குடியேற்றுவது? கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவில் ஒரு கீலமாகத்தான் நம் ஊர்கள் கிடக்கின்றன. கிரீன் பீல்ட் என்றும் பொலிவேரியன் என்றும் நாம் பெயர் சொல்லும் வீட்டுத்திட்டங்கள் ஊரின் மேற்குப் பக்கம் எழுந்தது அந்த நெருக்கடியில்தான். அதை நான் பிழையென்று சொல்ல மாட்டேன். அன்று அந்தக் கரையில் நின்றவள் நான். ஆனால் அன்று தேவைக்காக வந்த கிறவல் டிப்பர் இன்றும் வந்துகொண்டிருக்கிறது. வீட்டுத் தட்டில் நின்று நான் பார்க்கும் பச்சை வருடத்துக்கு வருடம் பின்னுக்குப் போகிறது. பிள்ளைக்குத் தெரியாத வயலை நிரப்பினால் அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் வலிக்காது. எனக்குப் பயம் அதுதான்.

கண்டியிலிருந்து திரும்பியதும் எங்கள் காணியைச் செய்யும் காக்காவைக் கூப்பிட்டுக் கதைத்தேன். இந்தப் பெரும்போகத்தில் பிள்ளைகளைக் கூட்டி வரப்போகிறேன், தொந்தரவு என்று நினைக்கக்கூடாது என்றேன். அவர் சிரித்துக்கொண்டு, “எத்தனை வருஷமா ஒருத்தரும் வாறல்லயே என்டு நானும் நெனச்சிக்கிட்டுத்தான் இருக்கன்” என்றார்.

முதலில் விதைநெல். ஐப்பசி மழைக்கு முன்னால் அவர் விதைநெல்லை ஒரு நாள் ஊறப்போட்டு, தண்ணீரை வடித்து, ஈரச் சாக்கில் கட்டி வைத்திருந்தார். இரண்டாம் நாள் நாங்கள் போனபோது கட்டை அவிழ்த்து, “கைய உள்ளுக்கு விட்டுப் பாருங்க” என்றார். பேரன் முழங்கை வரைக்கும் கையை விட்டவன் வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். “சுடுது மூத்தம்மா! உள்ளுக்கு நெருப்பு வெச்ச மாதிரி சுடுது!” முளைக்கும் நெல் மூச்சு விடும், மூச்சு விட்டால் சூடு வரும் என்பதை நான் வகுப்பில் எத்தனை தரம் சொல்லியிருப்பேன். அந்தச் சாக்குக்குள் அவன் கை அறிந்துகொண்டதை என்னால் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்க முடியாது. கையைத் திறந்து பார்த்தான். ஒவ்வொரு நெல்லின் நுனியிலும் பல் முளைத்ததுபோல் வெள்ளையாக ஒரு முளை. அன்று வீட்டுக்கு வரும் வரைக்கும் ஒரு கைப்பிடி முளைநெல்லை மூடிப் பிடித்தபடியே வந்தான்.

பிறகு தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை. குடலை விரிந்து கதிர் வெளியே வந்து, தலை சாயத் தொடங்காத நேரம். காக்கா ஒரு கதிரைச் சின்னவளின் கைக்கு வளைத்துக் கொடுத்து, “நெகத்தால ஒரு மணிய இறுக்கிப் பாரு மகள்” என்றார். இறுக்கினாள். பச்சை உமிக்குள்ளிருந்து வெள்ளையாக ஒரு துளி வந்து அவள் விரலில் நின்றது. நாக்கில் வைத்துப் பார்த்தாள். இலேசாக இனித்திருக்க வேண்டும், கண் விரிந்துவிட்டது. பிறகு எழுந்து நின்று அந்த வட்டை முழுவதையும் பார்த்தாள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை பச்சை. “மூத்தம்மா, இது எல்லாத்துக்குள்ளயும் பாலா இருக்கு?” என்று மெதுவாகக் கேட்டாள். பால் பிடிப்பது என்று நாம் வாய்க்கு வாய் சொல்லிப் பழகிவிட்ட சொல்லை அவள் அன்றுதான் கண்டாள். எனக்கும் அறுபது வருடத்துக்குப் பிறகு அது புதிதாகத் தெரிந்தது.

பெரியவனுக்கு வேறு கேள்வி. இந்த நெல்லுக்கு ஏன் பீ.ஜீ. 94-1 என்று நம்பர் போட்ட பெயர், ஆளுக்கு வைப்பதுபோல் பெயர் இல்லையா என்று கேட்டான். பீ.ஜீ. என்றால் குருநாகல் பக்கத்து பத்தலகொடை, அங்கேயுள்ள ஆராய்ச்சி நிலையத்தில் உண்டாக்கியதால் அந்தப் பெயர் என்று சொன்னேன். பெயர் வைத்த நெல்லும் முந்தி இருந்தது. பச்சைப்பெருமாள், மொட்டைக்கறுப்பன், சீனட்டி, முருங்கைக்காயன். அதில் அந்த முருங்கைக்காயனையும் இந்தோனேசியாவின் மாஸ் என்ற நெல்லையும் இணைத்துத்தான் 1958இல் எச்.4 வந்தது. என் சின்ன வயதில் எங்கள் அடுப்பில் வெந்த சிவப்புச் சோறு அது. நம் சம்மாந்துறையிலும் ஒரு நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அதன் வாசலையாவது கண்டிருக்கிறார்கள்? பாடசாலைச் சுற்றுலா என்றால் அம்பேவலைப் பசுவும் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையும் என்று ஆகிவிட்டது. அவற்றுக்கும் போகட்டும். சம்மாந்துறை எருமைப் பட்டியையும் காணட்டும். குறி சுட்ட மாடு எது யாருடையது என்று பட்டிக்காரர் ஓரெழுத்தைப் பார்த்துச் சொல்வதையும், எருமைப்பால் முட்டியில் தயிராக உறைவதையும் பார்த்த பிள்ளைக்கு அம்பேவலையில் கேட்க நாலு கேள்வி கூடுதலாக இருக்கும்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் வயலைக் காட்ட முடியாது. வக்கடையை மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டியதும் தண்ணீர் மேல் வரவையிலிருந்து கீழ் வரவைக்கு இறங்கும். பிள்ளைகள் அதன் பக்கத்திலேயே குந்திவிடுவார்கள். அந்த நேரத்தில் சொல்லிக் கொடுங்கள், இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று. நம் முன்னோர் பட்டிப்பளை ஆறு என்று சொன்ன கல்லோயாவை இங்கினியாகலையில் மறித்துத்தான் சேனநாயக்க சமுத்திரம் கட்டினார்கள். அதற்கென்று 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபையை அமைத்தார்கள். அங்கிருந்து வாய்க்கால் வழியாக, சிங்களக் குடியேற்றங்களைத் தாண்டி, நம் வட்டைக்கு வருகிறது. மிச்சம் களியோடையால் கடலுக்குப் போகிறது. மேல்மடையில் இருப்பவர் மனம் வைத்தால்தான் கீழ்மடைக்குத் தண்ணீர்.

இதில் நம் பிள்ளைகள் அறிய வேண்டிய ஒரு வரலாறு இருக்கிறது. 1981இல் கல்லோயா இடதுகரையில் தண்ணீர் குறைந்துபோன சிறுபோகம். கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து அப்போதுதான் அங்கே கமக்காரர் குழுக்களை அமைக்கத் தொடங்கியிருந்தன. மேல்மடைச் சிங்களக் கமக்காரர் முறை வைத்துப் பாய்ச்சி, மிச்சம் பிடித்த தண்ணீரைக் கீழே விட்டார்கள். கீழே இருந்தவர்களில் தமிழ்க் கமக்காரரும் அடக்கம். நாட்டில் இனப்பகை மூண்டுகொண்டிருந்த வருடங்களில் அது நடந்தது. உலகத்தில் நீர்ப்பாசனம் படிப்பவர்கள் இன்றைக்கும் கல்லோயா இடதுகரையைப் படிக்கிறார்கள். அந்தத் தண்ணீருக்குப் பக்கத்திலேயே பிறந்த நம் பிள்ளைகளுக்கு இதை யார் சொன்னார்கள்? வக்கடையில் குந்தியிருக்கும்போது நான் என் பேரனுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவன், “அவங்களுக்குக் காணாமப் போகல்லயா?” என்றான். காணாமல் போகாதபடி எப்படிப் பங்கிட்டார்கள் என்பதை மண்ணில் கோடு கீறிக் காட்ட வேண்டியிருந்தது. அன்றைய கணக்குப் பாடம் அதோடு முடிந்தது.

இன்னொரு கணக்கும் அந்த வரம்பிலேயே இருக்கிறது. விளைச்சலின் ஸகாத். வானம் பார்த்த பயிருக்குப் பத்தில் ஒன்று, செலவழித்து நீர் பாய்ச்சிய பயிருக்கு இருபதில் ஒன்று. மதரஸாவில் இதை மனப்பாடம் செய்த பிள்ளைகள் இருக்கிறார்கள். என் வாப்பா களத்தில் வைத்தே ஸகாத்தைப் பிரித்துவிடுவார். முதல் மரைக்கால் விழும்போதே வாசலில் காத்திருக்கும் ஏழைப் பெண்களின் பெட்டிக்குள் போய்விடும். மிச்சத்தைத்தான் வண்டியில் ஏற்றுவார். நெல்லைக் குவித்து வைத்த களத்தில் நின்று அதைக் கண்ட எனக்கு ஸகாத் என்றால் என்ன என்று பிறகு யாரும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை. இப்போது வங்கிக் கணக்கில் போகிறது. போகட்டும். ஆனால் ஒரு தடவையாவது பிள்ளை தன் கையால் அளந்து கொடுக்கட்டும்.

களம் என்று சொன்னதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. எருமையை வைத்துச் சூடு மிதித்த இரவுகளில் களத்துக்கென்று தனிப் பேச்சு இருந்தது. அங்கே நெல்லை நெல் என்று சொல்ல மாட்டார்கள், பொலி என்பார்கள். மற்றச் சாமான்களுக்கும் அப்படித் தனித்தனிப் பெயர். காரைதீவுத் தமிழ் ஆட்களும் நம் ஆட்களும் ஒரே களத்தில் நின்று அதே சொற்களைத்தான் பேசினார்கள். இப்போது வெட்டு மெசின் ஒரு பக்கத்தால் போய் மறு பக்கத்தால் வரும்போது நெல் சாக்குக்குள் விழுந்துவிடுகிறது. கூலிக்கு ஆள் கிடைக்காத காலத்தில் கமக்காரருக்கு அது பெரிய உதவிதான். ஆனால் உப்பட்டி, சூடு, போடியார், முல்லைக்காரர், கொத்து, மரைக்கால், அவணம் எல்லாம் நம் வாயில் மட்டும் இருக்கின்றன. நம் மையத்தோடு அவையும் போய்விடும். உங்கள் நினைவில் இருப்பதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அவர்கள் கைப்பேசியில் பதிந்து வைக்கட்டும்.

நான் சொல்வது நமக்கு மட்டும் உரிய கவலையுமல்ல. லண்டனில் கென்டிஷ் டவுன் என்ற இடத்தில் 1972இல் நகரத்து நடுவிலேயே பிள்ளைகளுக்கென்று ஒரு பண்ணை தொடங்கினார்கள். ஆடும் கோழியும் காணாமல் வளர்கிற பிள்ளைகளுக்காக. அதன் பிறகு பல நகரங்களில் அப்படி வந்துவிட்டது. யப்பானில் 2005இல் உணவுக் கல்விக்கென்றே சட்டம் போட்டார்கள். அவர்கள் காசு கொட்டிப் பண்ணை உண்டாக்க வேண்டியிருந்தது. நமக்கு அது வீட்டுக்குப் பின்னால் கிடக்கிறது.

பயப்பட வேண்டியவையும் இருக்கின்றன. நான் சொல்லாமல் விட்டால் அது துரோகம். 2024 கார்த்திகை 26இல் மாவடிப்பள்ளியில் மதரஸாப் பிள்ளைகளை ஏற்றி வந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் புரண்டதை நாம் மறக்க முடியாது. அந்தப் பிள்ளைகள் விடுமுறைக்கு வீடு வந்துகொண்டிருந்தவர்கள். யா அல்லாஹ். ஆகவே தயவுசெய்து, ஆசைப்பட்டுக் கேட்டாலும் பிள்ளைகளை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றாதீர்கள். வெள்ளம் நிற்கும் நாளில் வட்டைப் பக்கமே போகாதீர்கள். தண்ணீர் பார்க்கப் போவதும் வேண்டாம். மருந்தடித்த வயலில் எத்தனை நாளைக்குக் கால் வைக்கக்கூடாது என்று செய்கை பண்ணுபவரிடம் கேட்டுக்கொண்டு போங்கள். சேற்றில் எலிக்காய்ச்சல் இருக்கிறது. காலில் புண் இருக்கும் பிள்ளை வரம்போடு நிற்கட்டும், மற்றவர்களுக்கும் முழங்கால் வரை பூட்ஸ் நல்லது. வீட்டுக்கு வந்ததும் சவர்க்காரம் போட்டுக் குளிக்க வையுங்கள். பிறகு காய்ச்சல் வந்தால் வயலுக்குப் போனதை வைத்தியரிடம் சொல்ல மறக்காதீர்கள். வெட்டு முடிந்த காலத்தில் யானைக் கூட்டம் இறங்குகிறது. அஸர் அதானுக்கு முன்னால் திரும்பிவிட வேண்டும்.

இனி நான் கேட்பது.

காணி வைத்திருப்பவர்கள் அடுத்த போகத்தில் ஒரே ஒரு வரவையைப் பிள்ளைகளுக்கு விட்டுக் கொடுங்கள். பெரிய வரவை வேண்டாம், வாய்க்காலுக்குப் பக்கத்தில், நடந்து போக வசதியாக, நாலு பேர்ச்சஸ் இருந்தாலும் போதும். குத்தகைக்காரருக்கு அந்த வரவையின் நெல்லுக்கு ஈடு கொடுத்துவிடுங்கள். அவர் தலையில் கட்டக்கூடாது. அதில் பழைய நெல் ஒன்று விதைப்போம். விதைநெல்லுக்குக் கமநல சேவை நிலையத்தில் விசாரித்துப் பார்க்கலாம், விவசாயப் போதனாசிரியரைக் கேட்கலாம். அந்த வரவையில் மெசின் இறங்காது. பிள்ளைகள் விதைத்து, புல் பிடுங்கி, குருவி விரட்டி, தாக்கத்தியால் வெட்டட்டும். பெரிய பிள்ளைகள் மட்டும், நம் கை மேல் கையாக. அடித்து, தூற்றி, அளந்து, ஸகாத்தைப் பிரித்து, மிச்சத்தை ஒரு நாள் ஒரே சட்டியில் சமைத்துத் தின்போம்.

காணி இல்லாதவர்கள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நம் ஊர்களில் கடலை நம்பியிருக்கும் வீடுகள்தான் எத்தனை! அந்த வீட்டுப் பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போவோம். அவர்கள் நம் பிள்ளைகளுக்குக் கரைவலை இழுப்பதைக் காட்டட்டும். என் பேரனுக்கு நெல் தெரியாதது போலவே வலைக் கயிறும் தெரியாது. இதில் யாருக்கும் கடன் வராது. பாண்டிருப்பிலும் காரைதீவிலும் உள்ள அப்பப்பாமார், அம்மம்மாமாரிடமும் சொல்லியிருக்கிறேன். அவர்களுக்கும் இதே கதைதான்.

சனிக்கிழமை டியூசன் இருக்கிறது என்று மகள்மார் சொல்வார்கள். என் மகளும் சொன்னாள். புலமைப்பரிசில் பரீட்சை வருகிறது, நாலு மணித்தியாலம் வீண் போகும் என்றாள். நான் அவளுடன் வாதாடவில்லை. பேரனின் சுற்றாடல் கொப்பியைத் திறந்து காட்டினேன். விதைநெல் சுட்டதை அவன் யாரும் சொல்லாமலே இரண்டு பக்கம் எழுதி, சாக்கின் படமும் கீறியிருந்தான். வாசித்துவிட்டு, “அடுத்த கிழமையும் போறிங்களா உம்மா?” என்று கேட்டாள். பிறகு, தானும் வரலாமா என்றாள். முப்பத்தொன்பது வயதில் தன் சீதனக் காணியின் எல்லை எது என்று அவள் முதல்தரம் பார்த்தது அப்படித்தான். வரம்பில் நடக்கத் தெரியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

நாளைக் குறிக்க வேண்டும். நம் பாடசாலைகளுக்கு நோன்பில் விடுமுறை. இந்த வருடங்களில் நோன்பும் பெரும்போக வெட்டும் ஏறக்குறைய ஒன்றாக வருகின்றன. நோன்பு வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு நகரும். இன்னும் மூன்று நாலு வருடத்தில் அது தைக்கும் மார்கழிக்கும் போய்விடும். பெரும்போக வெட்டோடு மறுபடி சேர்ந்து வர முப்பது வருடத்துக்கு மேல் செல்லும். அப்போது நாம் இருக்க மாட்டோம். சின்னவள் நாற்பது வயதுப் பெண்ணாக இருப்பாள்.

எங்கள் காணியில் மூலை வரவையை மெசினுக்கு விடாமல் வைத்திருக்கிறோம். வெட்டு நோன்பின் முதல் பத்துக்குள் வரும், இன்ஷா அல்லாஹ். நாளை நிச்சயித்ததும் பள்ளிவாசல் பலகையில் எழுதிப் போடச் சொல்கிறேன். நோன்போடு வெயிலில் நிற்க வேண்டாம். காலை ஏழு மணிக்குப் போனால் பத்து மணிக்கு முன் வீடு திரும்பலாம். வயலுக்குள் இறங்க முடியாத மூத்தவாப்பாமாருக்கு வாடியில் கதிரை போட்டு வைக்கிறோம். அங்கே இருந்து பிள்ளைகளுக்குக் கதை சொன்னாலே போதும். பழைய தாக்கத்தி நாலு தேடியெடுத்துத் தீட்டக் கொடுத்திருக்கிறேன். உங்கள் வீட்டு மேல்பரணில் மரைக்கால் கிடந்தால் துடைத்து எடுத்து வாருங்கள், எங்களிடம் இருந்ததைக் கடல் கொண்டுபோய்விட்டது. பிள்ளைக்குத் தொப்பியும் மாற்று உடுப்பும் மறக்க வேண்டாம்.

வஸ்ஸலாம்.

கல்முனைக்குடியிலிருந்து,
ஒரு மூத்தம்மா